அத்தியாயம் 6: பழைய வளவில் ஓர் இரவு

பகலில் நூதனசாலைக்கு வருகிறவர் சாமான்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். உரல் இருக்கிறது, திருகை இருக்கிறது, தாக்கத்தி சுவரில் தொங்குகிறது, அரிக்கன் லாம்பு ஒன்றைத் துலக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையை வாசிக்கிறார், படம் எடுக்கிறார், பஸ்ஸைப் பிடிக்கிறார். அந்த லாம்பின் வெளிச்சம் எத்தனை அடி தூரம் போகும், அதற்கு அப்பால் இருந்த இருட்டோடு ஒரு குடும்பம் எப்படிச் சோறு தின்று, கதை பேசி, பிள்ளையை உறங்க வைத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலே போகிறது. அதைக் காட்ட ஒரே வழிதான் உண்டு. அவரை இரவு தங்க வைக்க வேண்டும்.

பழைய சாமான்களைத் தேடுவது, பதிவது, பேணுவது பற்றி முன்னைய அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த அத்தியாயம் ஒரு பழைய வளவை நூதனசாலையாக வைத்துக்கொண்டு அதிலே ஆட்களை இரவு தங்க வைக்க நினைக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் உரியது. தங்க வருகிறவர்களும் வாசிக்கலாம்.

உதாரணங்களைத் தன்னாமுனையை வைத்தே சொல்கிறேன். நான் நடந்து பழகிய மண் என்பது ஒரு காரணம். அதன் கிடை மற்றக் காரணம். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் ஏறாவூருக்கு முன்னால் வருகிற ஊர். மேற்கே வாவி, கிழக்கே சவுக்கடிக் கடல். சூரியன் கடலில் எழும்பி, வாவிக்கு அப்பால் படுவான்கரையில் படும். எழுவான்கரை, படுவான்கரை என்ற பெயர்களைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் பட்ட பாடு, அவர்களை ஒரு மாலையும் ஒரு காலையும் இங்கே நிறுத்தியபோது முடிந்துபோனது.

முட்டுக்காட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது

தமிழ் நிலத்தில் இந்த வேலையை முறையாகச் செய்து காட்டிய இடம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அதை உருவாக்கியது. 1996 டிசம்பர் 14ஆம் திகதி பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அமைப்பு தொடங்கியதற்கும் வாசல் திறந்ததற்கும் இடையில் பன்னிரண்டு வருடங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நினைக்கும் நம்மவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

10 ஏக்கர் நிலம். வளாகத்தின் அமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய நான்கு பக்கத்துப் பழைய வீடுகள் பதினெட்டு அங்கே நிற்கின்றன. பல, இடிபட இருந்தவை. விலைக்கு வாங்கி, மரமும் கதவும் தூணுமாகப் பிரித்து, கொண்டுவந்து, பழையபடியே பூட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டின் முற்றத்தில் நின்றுவிட்டு, சில நிமிடம் நடந்தால் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டின் மரச் சுவரைத் தொடலாம். வீடுகளைப் பெயர்த்து ஒரே இடத்தில் வைக்கும் எண்ணம் ஐரோப்பாவில் வேர்விட்டது. ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி நூதனசாலையைத் தொடங்கினார். தட்சிணசித்ராவின் சிறப்பு, வீட்டோடு அந்த வீட்டுக்காரரின் தொழிலையும் கூட்டிவந்ததில் இருக்கிறது. குயவரும் நெசவாளரும் அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

நமக்கு வேண்டிய பாடம் படுக்கையில் இருக்கிறது. அங்கே இரவு தங்கலாம். விருந்தினர் இல்லம் வளாகத்திலேயே இருக்கிறது. ஆனால் பழைய வீட்டுக்குள் யாரும் படுப்பதில்லை. பகலெல்லாம் செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் இருக்கலாம்; தலை சாய்ப்பது தனிக் கட்டடத்தில். முதலில் எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் போயும் அந்த வீட்டில் ஓர் இரவு படுக்க முடியவில்லையே என்று. பிறகு யோசித்தால் அவர்கள் செய்ததுதான் சரி. நூறு வருட மரத்துக்கு மனித மூச்சின் ஈரமும், ஈரத்துவாயைக் காயப்போடும் கயிறும், கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற இழுக்கும் வயரும் நஞ்சு. பத்துப் பேர் நூறு இரவு படுத்தால் அந்த வீடு விடுதியாகிவிடும்; பிறகு அதைக் காட்ட நம்மிடம் ஒன்றும் இருக்காது.

ஆகவே முதல் விதி: பழைய வீடு இருப்பதற்கு, புதிய குடில் படுப்பதற்கு. இரண்டும் ஒரே வளவில், ஒன்றையொன்று பார்த்தபடி.

வீடு யாருடையது?

நமக்குப் பதினெட்டு வீடு வேண்டாம். ஒரு வளவு போதும். மண்சுவரோ சுட்ட கல்லோ, திண்ணையும் உள்ளறையும் குசினியும் கிணறும் உள்ள ஒரு வளவு. போர்க்காலத்தில் எழுவான்கரையில் அழிந்த வீடுகளை எண்ணிப் பார்க்க மனம் வராது. ஆகவே மிஞ்சியிருப்பதைத் தேடி வாவியைக் கடக்கவும் ஆயத்தமாக இருங்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பலர் ஒரு பிழை விடுகிறார்கள். வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு வழமையில் வீடு மகளுக்குப் போவது. சீதனமாகத் தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. குடி வழியும் தாய் வழிதான். எனவே முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது பெத்தாவிடம். அவருடைய பெண்மக்கள் எல்லோரும், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட, சம்மதிக்க வேண்டும். வெற்றிலை வட்டாவை அவர் முன்னால் வைத்து, "இந்த வீட்டை இடிக்காம வைக்க ஆசைப்படுறோம் பெத்தா, நீங்கதான் வழி சொல்லணும்" என்று தொடங்குங்கள். வீட்டைக் கொடுக்காவிட்டாலும் கதையைக் கொடுப்பார். அந்தக் கதை இல்லாமல் வீடு கிடைத்துப் பயனில்லை.

வளவில் குழி தோண்டும்போது பழைய காசோ, எழுத்துள்ள கல்லோ, செங்கல் அத்திவாரமோ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தித் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. எடுத்து நம் அலுமாரியில் வைத்துக்கொள்வது ஊருக்குச் செய்யும் நன்மை அல்ல.

காற்றைப் பார்த்துத் திகதி குறியுங்கள்

வாடைக்காற்றோடு வருகிற மாரி இங்கே ஒக்ரோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை அடிக்கும். ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வந்த சூறாவளியைப் பார்த்தவர்கள் இன்றும் அந்த மாதத்தில் வானத்தைப் பார்த்தபடிதான் இருப்பார்கள். 2011 ஜனவரி வெள்ளம் வட்டையையும் வீதியையும் ஒன்றாக்கியது. இந்த மூன்று மாதமும் கூடாரம் கிடையாது என்று பலகையில் எழுதிப் போடுங்கள். யார் கெஞ்சினாலும் இளகாதீர்கள்.

மாசி நடுவில் இருந்து சித்திரை வரை நல்ல காலம். இரவில் மெல்லிய குளிர், வாவி அமைதி, வயல்களில் பெரும்போக அறுவடையின் வாசம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும். அந்த நாட்களில் ஊர்க்காரருக்கு விருந்தினரைக் கவனிக்க நேரம் இராது, ஆனால் சடங்கை மரியாதையோடு பார்க்க வருகிற நாலைந்து பேரை ஏற்கலாம். பிறகு கச்சான் காற்று. ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் வரை பகலில் அனலாக அடிக்கும். கிடுகு சருகாகக் காய்ந்திருக்கும். அந்த மாதங்களில் வளவுக்குள் திறந்த நெருப்பு வேண்டாம். சித்திரையிலும் ஒக்ரோபரிலும் பின்னேரத்தில் இடிமின்னல் கூடும். இடி முழங்கியதும் கூடாரத்தில் இருப்பவர்களைக் கட்டடத்துக்குள் எடுத்துவிடுங்கள். மழை தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று வாவிக்கரைக்கே உரியது. பாலமீன்மடுவில் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறதா, வெட்டித் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது மேட்டு நிலத்தில் மழை பெய்தால் வாவி மெல்ல மெல்ல ஏறும். நான் ஒருமுறை ஒக்ரோபர் விடுமுறையில் இருபது மாணவர்களைக் கரைப் புல்லில் படுக்க வைத்தேன். எங்களுக்கு மேலே ஒரு துளி விழவில்லை. நடுச்சாமத்தில் ஒரு பையன் எழுப்பி, "சேர், முதுகு நனையுது" என்றான். ரோச் அடித்துப் பார்த்தால் கூடாரத்தின் கீழே தண்ணீர். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். ஒரு கெடுதியும் நடக்கவில்லை, ஆனால் அதன் பிறகு கரையில் கிடக்கும் சருகுக் கோட்டை, அதாவது போன மாரியில் தண்ணீர் வந்து நின்ற தடத்தைப் பார்க்காமல் நான் எங்கும் கூடாரம் அடித்ததில்லை. அந்தத் தடத்துக்கு மேலே, ஆள் உயரத்துக்குக் குறையாத மேட்டில் இடம் பாருங்கள்.

குடிலும் கூடாரமும்

வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற நைலோன் கூடாரம் நம் வெக்கைக்கு ஒத்துவராது. காலை ஏழு மணிக்கே உள்ளே அவியும். நாலு பக்கமும் திறந்த கிடுகுப் பந்தல், அதற்குள் பலகைத் தட்டு, மேலே நுளம்பு வலை: இதுதான் இந்த மண்ணின் கூடாரம். வயற்காவலுக்குப் பரண் கட்டியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களையே கூப்பிட்டுக் கட்டுவியுங்கள். கூலி கொடுங்கள். கட்டும்போது மாணவர்கள் கூட நிற்கட்டும். கட்டிய பரணை விடக் கட்டுகிற கைதான் காட்சிப்பொருள்.

கூடாரத்தோடுதான் வருவோம் என்பவர்களுக்கு மூன்று விடயம். எழுவான்கரை மணல், சாதாரண முளை பிடிக்காது. சீனிப் பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் கச்சானுக்கும் அசையாது. அடுத்தது, தென்னைக்குக் கீழே ஒருபோதும் அடிக்க வேண்டாம். தேங்காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டையும் ஆளைக் கொல்லும். மூன்றாவது, கரையை ஒட்டிப் படுக்க வேண்டாம். வாவியில் முதலை உண்டு. இருட்டிய பிறகு கை கால் கழுவவும் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும்.

கிடுகுக் கூரையின் எதிரி நெருப்பு. ஜப்பானில் ஷிரகவாகோ என்ற மலைக் கிராமம் இருக்கிறது. 1995இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. செங்குத்தான வைக்கோற் கூரை வீடுகள். பலவற்றில் குடும்பங்களே இன்னும் இருந்துகொண்டு விருந்தினரைத் தங்க வைக்கின்றன. வீட்டின் நடு அடுப்புப் புகை கூரையைப் பூச்சியிடமிருந்து காக்கிறது. நம் பெத்தாமார் குசினிக் கிடுகு மற்றக் கிடுகை விட நாள்படும் என்று சொல்வதும் இதுவே. அந்தக் கிராமத்தில் வருடம் ஒருமுறை எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து கூரைகளுக்கு மேலே பாய்ச்சி ஒத்திகை பார்ப்பார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் சேரும். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் ஒவ்வொரு குடிலுக்கும் இரண்டு வாளி மணல், வளவுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி, குடிலுக்கும் குடிலுக்கும் இருபதடி இடைவெளி, இவ்வளவும் முடியும். கூரைக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்த விடாதீர்கள். அரிக்கன் லாம்பு முற்றத்தில் மட்டும்.

பாய் எங்கே விரிப்பது

பழமையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் விருந்தினரைப் பன்பாயில் நிலத்தில் படுக்க வைக்கத் தோன்றும். வேண்டாம். இந்த ஒரு விடயத்தில் நான் பழமைக்கு எதிரானவன்.

கட்டுவிரியன் இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் உறங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கடி வலிக்காது; பல் தடமும் பல வேளை தெரியாது; வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றுநோவு என்று எழும்புவார், கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சு வாங்கும். அதற்குள் மணிக்கணக்கு போயிருக்கும். இதற்கு மருந்து படுக்கையை உயர்த்துவதுதான். ஒன்றரை அடி உயரப் பலகைத் தட்டில் பன்பாயை விரித்து, வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகுங்கள். பாயின் வாசமும் கிடைக்கும், உயிரும் இருக்கும். நிலத்தில் படுத்தே ஆகவேண்டிய இடத்திலும் செருகிய வலை பெரும் காவல்.

தட்டுக்குக் கீழே சப்பாத்து, பை எதுவும் வைக்கக் கூடாது. விறகும் ஓட்டுக் குவியலும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இரவில் எழும்பினால் ரோச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். பாதையில் கண்ணாடிப் புடையன் கிடக்கலாம். கடி என்று சந்தேகம் வந்தாலே போதும்: வெட்டாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பார்வை பார்க்கக் கொண்டு ஓடாதீர்கள். ஆளை அசையாமல் வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஏறாவூர் ஆதார வைத்தியசாலையும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் தன்னாமுனையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. பொலிஸ் 119, இடர் முகாமைத்துவ நிலையம் 117. இந்த எண்களைக் குசினிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். இரவில் ஓட ஒரு முச்சக்கர வண்டிக்காரரை முதலே சொல்லி வையுங்கள்.

நுளம்புக்கு வலை இரவுக் காவல். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். காட்சிக்கு வைத்த உரலிலும் அண்டாவிலும் மழைத் தண்ணீர் தேங்கினால் நம் நூதனசாலையே நோய்க்கிடங்கு. கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் துடைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

கிணறும் மலசலகூடமும்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் வளவின் பெயர் இதில்தான் நிற்கும், இதில்தான் விழும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடி என்று வழமையாகச் சொல்வார்கள். நம் மணலில் தண்ணீர் வேகமாக ஊறிச் செல்லும். நூறடி தள்ளினால் நிம்மதி. ஆண், பெண் தனித்தனி. பெண்களுக்குக் குளிக்க மறைப்பு. இரவு முழுக்க ஒரு சூரியசக்தி விளக்கு அங்கே மட்டும் எரியட்டும். கிணற்று நீர் கோடையில் உவர்க்கும். குடிக்கக் கொதித்தாறிய நீர் தனிப் பானையில், மூடி போட்டு, பிடியுள்ள அகப்பையோடு இருக்க வேண்டும். மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியைப் பற்றி விருந்தினர் ஊருக்குப் போய்ப் பேசுவார்கள். மலசலகூடத்தைப் பற்றி அவர்கள் பேசாமல் இருந்தால் நாம் வென்றோம்.

இரவை நடத்துவது

பின்னேரம் நாலு மணிக்கு வரச் சொல்லுங்கள். பிந்தி வந்தால் வளவு பழகாது. முதலில் எங்கே என்ன என்று நடத்திக் காட்டுங்கள்: கிணறு, மலசலகூடம், படுக்கை, போகக்கூடாத கரை. பிறகு வேலை கொடுங்கள். தேங்காய் துருவ ஒருவர், சுளகில் அரிசி புடைக்க ஒருவர், கிணற்றில் தண்ணீர் அள்ள இருவர். சுளகைச் சுவரில் பார்த்தால் அது ஒரு சாமான். அரிசியைத் தட்டிப் புடைத்து, கல் ஒருபக்கம் ஒதுங்கும் அந்த மணிக்கட்டுத் திருப்பம் வந்துவிட்டால், அது ஒரு வித்தை என்று கைக்குத் தெரியும். காட்சிக்கு வைத்த பழைய பொருளை இதற்குக் கொடுக்க வேண்டாம். அதே அச்சில் புதிதாகச் செய்வித்து வைத்திருங்கள். செய்கிறவருக்கும் வருமானம்.

ஆறு மணிக்கு முன்னமே எல்லோரையும் வாவிக்கரை மேட்டுக்குக் கூட்டிப் போங்கள். சூரியன் படுவான்கரையில் இறங்கும். அப்போது பேச வேண்டாம். படுவான்கரை போடிமார், வட்டை, களவெட்டி பற்றியெல்லாம் சொல்ல இரவு இருக்கிறது.

திரும்பி வந்ததும் மின்குமிழ்களை அணைத்துவிடுங்கள். இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பயப்படலாம். முற்றத்தில் மூன்று லாம்பு. கண் பழகக் கால் மணி நேரம் எடுக்கும். அந்தக் கால் மணி நேரம் கைத்தொலைபேசி எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கட்டும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள்: மணல் வெள்ளையாகத் தெரிகிறது, நட்சத்திரம் இவ்வளவா, தூரத்தில் தோணியில் யாரோ தட்டுகிறார்கள். மீனை வலைக்கு விரட்டத் தண்ணீரில் அடிக்கும் சத்தம் அது. இரவு மீன்பிடி பற்றி எத்தனை படம் ஒட்டினாலும் அந்தத் தட்டலுக்கு ஈடாகாது.

சோறு ஏழரைக்கு. சிவப்பரிசிச் சோறு, வாவி இறாலோ கொடுவாவோ, ஒரு சுண்டல், சொதி, கடைசியில் எருமைத் தயிர். மரக்கறிக்காரருக்குத் தனிச் சட்டி. முஸ்லிம் விருந்தினர் வந்தால் ஹலால் பற்றி அவர்கள் கேட்கும்முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். தொழ ஓர் இடமும் சுத்தமான பாயும் காட்டிவிடுங்கள். ஏறாவூரும் காத்தான்குடியும் நம் அயல். இந்த வாவி அவர்களுடையதும்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு கவி. வயற்காவல் பரணில் இருந்து பாடிய கவி மட்டக்களப்பின் பெரும் செல்வம். பரணின் கீழே இருந்து கேட்டால்தான் அதில் வரும் இழுவை ஏன் என்று விளங்கும், அடுத்த பரணுக்குக் கேட்கப் பாடியது அது. பாட வருகிற மூத்தவரை மேடையேற்றி ஒலிவாங்கி கொடுக்காதீர்கள். அவர் கதைப்பார், நடுவில் பாடுவார், நிறுத்துவார். விட்டுவிடுங்கள். களவெட்டியில் நெல்லைப் பொலி என்று சொன்ன அந்தத் தனிப் பேச்சைப் பற்றிக் கேளுங்கள். இளையவர்களுக்கு இது கேட்டறியாத பாஷை. மட்டக்களப்பு வழமைகளை முன்கூட்டிப் படித்துவர விரும்பும் ஆசிரியர்களுக்கு வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இன்றும் முதல் நூல், 1964இல் வந்தது.

கூத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். விருந்தினருக்காக அரைமணி நேர வடமோடித் துண்டு ஒன்றை ஆடிக் காட்டச் சொல்லிக் கலைஞர்களைக் கேட்காதீர்கள். கூத்து விடிய விடிய ஆடுவது. சட்டம் கொடுத்து, சதங்கை அணிந்து, மாதக் கணக்கில் பழகி அரங்கேறுவது. அயலூரில் பழக்கம் நடக்கிற காலமாக இருந்தால் அண்ணாவியாரிடம் அனுமதி பெற்று விருந்தினரைக் களரியோரம் இருத்துங்கள். பிழை விட்ட ஆட்டக்காரனை அவர் நிறுத்தி மறுபடி ஆட்டுவதைப் பார்க்கிற பாக்கியம் அரங்கேற்றத்தில் கூடக் கிடைக்காது.

பாடும் மீனைக் கேட்க வேண்டும் என்று பலர் வருவார்கள். கல்லடிப் பாலத்தடியில், கோடை காலத்து அமைதியான பறுவ இரவில், தோணியில் இருந்து துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகள் அதை ஒலிப்பதிவும் செய்திருக்கிறார். கூட்டிப் போகலாம், உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் தோணியில் ஏற்ற வேண்டாம். கேட்கும் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

ஒன்பதரைக்கு லாம்பைத் தணியுங்கள். ஊர் ஆள் இருவர், அதில் ஒருவர் பெண், இரவு முழுக்க முறை வைத்து விழித்திருக்க வேண்டும். பாடசாலைக் குழு என்றால் ஆசிரியர்களும்.

சொல்லாமல் தெரிந்திருக்க வேண்டியது

நகரிலிருந்து வரும் வழியில் சத்துருக்கொண்டான் இருக்கிறது. 1990 செப்டெம்பர் 9ஆம் திகதி இரவு அங்கேயும் அயற்கிராமங்களிலும் குழந்தைகளும் பெண்களுமாகப் பெருந்தொகையானோர் கொல்லப்பட்டார்கள், நினைவுத்தூபி இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இந்தப் பக்கத்தில் ஆள் இழக்காத வீடு குறைவு. அந்தத் திகதிகளை ஒட்டி விருந்தினரை ஏற்காதீர்கள். ஆட்டமும் பாட்டும் வேண்டாம். வருகிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள்: உங்கள் வீட்டில் யார் போனார்கள் என்று அவர்களாகக் கேட்கக் கூடாது. இரவில், லாம்பைத் தணித்த பிறகு, வீட்டுக்காரரே சொல்லத் தொடங்கினால் இருந்து கேட்க வேண்டும். அப்போது படமும் பதிவும் வேண்டாம். பழைய சாமான் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று பகலில் கேட்டவர்களுக்கு அங்கேதான் பதில் கிடைக்கும்.

அனுமதியும் காசும்

கிராம சேவகருக்கும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். காசு வாங்கித் தங்க வைப்பதென்றால் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் இல்லத் தங்கலாகப் பதிவு செய்யலாம். வருகிறவர் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு எண் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். கட்டணத்தை வாசலில் எழுதிப் போடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லும் இடத்துக்கு இரண்டாம் முறை யாரும் வரமாட்டார். சமைத்தவர், பாடியவர், காவல் இருந்தவர் ஆகியோரின் பங்கை அன்றிரவே கையில் கொடுத்துவிடுங்கள். மிச்சம்தான் கூரைக்கு.

விடியல்

நாலரைக்கு எழுப்புங்கள், முதல் நாளே கேட்டு, விரும்பியவர்களை மட்டும். பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சர்க்கரையும். இருட்டிலேயே கிழக்கே நடந்தால் சவுக்கடிக் கரையில் சூரியன் எழும்பும்போது நிற்கலாம். கடலில் இறங்க விடாதீர்கள், இழுவை பொல்லாதது. திரும்பி வரும்போது வாவியில் இரவு வலைக்குப் போனவர்கள் கரைசேர்ந்திருப்பார்கள். மீன் வாங்க விரும்பும் விருந்தினர் அவர்களிடமே வாங்கட்டும், பேரம் பேசாமல். அதற்கு ஒரு குளிர்ப்பெட்டியும் ஐஸும் வளவில் இருக்க வேண்டும்.

பிட்டும் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டு அவர்கள் புறப்பட்டதும், பாய்களை வெயிலில் விரித்து, வலைகளை உதறி, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டையுள்ளதை அன்றைக்கே தைத்துவிடுங்கள். லாம்புக் கண்ணாடியைச் சாம்பலால் துடைத்து, எண்ணெய் அளவை எழுதி வைத்து, பிறகு பூட்டலாம்.